வாயிற்கூட்டம்

பதினேழு வருடமாகக் கத்துகிறேன்.
சத்துவாச்சாரி, பெருமுகை, பிள்ளையார்குப்பம்,
அரப்பாக்கம், ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு.
எண்பது பேர் அடைந்த வண்டியில்
ஒரு நாளும் தொண்டை அடைத்ததில்லை.
படியில் தொங்குபவனை அதட்ட,
பதினாலு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டுபவரோடு மல்லுக்கட்ட
யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

முனிரத்தினம்தான் சொன்னார்:
"கோதண்டனுக்காக நீ ரெண்டு வார்த்த பேசு.
வாயிற்கூட்டம், வியாழக்கிழமை, காலைல நாலரைக்கு."
அவருக்கு மைக் என்பது வெற்றிலை மாதிரி.
எனக்கு அன்றிரவே வயிறு கலங்கியது.

நாற்பத்திரண்டு ரூபாய்.
மூன்று டிக்கெட், தலைக்குப் பதினாலு.
காசு பையில் இருந்தது,
சீட்டு மிஷினுக்குள் சிக்கியிருந்தது.
ரத்தினகிரியில் செக்கிங் ஏறினார்கள்.
கோதண்டன் வீட்டில் உட்கார்ந்து பத்தொன்பது நாள்.

டிரிப் ஷீட்டின் பின்புறம் பேச்சை எழுதினேன்.
குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் படித்தேன்.
வாளி நிரம்பி வழிந்தும்
மூன்றாவது வரியைத் தாண்டவில்லை.
லோகநாயகி கதவைத் தட்டினாள்:
"தண்ணிய நிறுத்து.
நீ பயப்படறது தெருவுக்கே தெரியுது."

மூச்சை இழுத்து நாலு எண்ணு என்றான் ஒருவன்.
எதிரில் இருப்பவர்களைக்
கத்திரிக்காயாக நினைத்துக்கொள் என்றான் இன்னொருவன்.
நினைத்துப் பார்த்தேன்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் இருநூறு
காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
முள் அத்தனையும் என் பக்கம்.

வியாழன்.
கொணவட்டம் டெப்போ வாசல். இருட்டு. டீசல் வாசனை.
மைக் என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது.
அதைத் தூக்கிவிடக் கை வரவில்லை, குனிந்தே நின்றேன்.
தாள் படபடத்ததை
அது எல்லாருக்கும் எடுத்துச் சொன்னது.
"மதிப்பிற்குரிய" என்றேன்.
அதற்குமேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது,
மிஷினுக்குள் சிக்கிய சீட்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
யாரோ டீ கிளாஸைத் தரையில் வைத்தது கேட்டது.
சட்டைப்பையில் விசிலையே தடவிக்கொண்டிருந்தேனாம்,
பிறகு சொன்னார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.
அன்சர் பாஷா. ஒன்பது வருடம் என் வண்டி டிரைவர்.
என் முகத்தைவிட என் சத்தத்தை அதிகம் பழகியவர்.
"போலாம் ரைட்!"

சிரித்தார்கள். முனிரத்தினமும்.
நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
அந்தச் சிரிப்பு அடங்குமுன்
தாளில் இல்லாதது வாயில் வந்துவிட்டது.

"அந்த மிஷின் அதுக்கு முந்தின நாள் எங்கிட்டதான் இருந்திச்சி.
அரப்பாக்கத்துல எனக்கும் சிக்கிச்சி.
உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்னேன், ஓடிச்சி.
புகார் நோட்டுல எழுதல.
வீட்டுக்குப் போற அவசரம். எழுதல.
எழுதியிருந்தா கோதண்டன்
இன்னிக்கி இங்க நின்னு டீ குடிச்சிட்டிருப்பான்."

அவ்வளவுதான்.
விதி எண், தேதி, அதிகாரி பெயர்,
ஒற்றுமை ஓங்குக என்று முடிய வேண்டிய கடைசி வரி
எல்லாம் தாளோடு தங்கிவிட்டன.
கைதட்டினார்களா என்று கேட்காதீர்கள்.
ஒருவர் இருமினார்.
இறங்கும்போது மைக் வயரில் கால் மாட்டியது.

இப்போது சொன்னதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.
கோதண்டனுக்கு உத்தரவு வரவில்லை.
பயம் போச்சா என்கிறாள் லோகநாயகி.
சில்லறை எண்ணும்போது விரல் இன்னும் ஆடுகிறது.

அன்றைக்கே ஐந்தே காலுக்கு முதல் டிரிப்.
"ரத்தினகிரி, ரத்தினகிரி" என்றேன்.
ஜன்னலோரம் ஓர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்து
என் முகத்தையே பார்த்தாள்,
இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல.
தொண்டை அடைத்தது.

இறங்க வேண்டியவள்தான்.